பலம் தொழிலான கதை

மார்பைச் சுற்றிப் பூட்டிய சங்கிலியை மூச்சை இழுத்து விம்மி அறுத்துக் காட்டும் மேடை வித்தைகளால் பிரசித்தி பெற்றிருந்த யூஜின் சாண்டோ, 1897-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் தேகப்பயிற்சி நிலையமொன்றை ஸ்தாபித்தபோது, பலத்தைக் கற்பித்துப் பிழைப்பதும் கௌரவமான ஜீவனோபாயமே என்பது ஊரறிய நிலைபெற்றது. அங்கே வந்தவர்களின் மார்பையும் புஜத்தையும் நாடாவினால் அளந்து குறித்துக்கொண்டு, அவரவர் தேக நிலைக்கேற்ற அப்பியாசங்களை வகுத்துக் கொடுத்தார்கள். நேரில் வர இயலாதோருக்குத் தபாலிலே பாடம் போயிற்று. பத்திரிகை நடத்தியும், சுருள்வில் பொருத்திய டம்பெல்களை விற்றும், 1901-இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆர்தர் கோனன் டாயிலை நடுவர்களுள் ஒருவராக அமர்த்தித் தேகக்கட்டுப் போட்டி வைத்தும் அவர் தம் பெயரையே மூலதனமாக்கினார். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தேகப்பயிற்சிப் பேராசிரியர் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. இன்று தனிப் பயிற்சியாளராகக் கடை விரிப்பவர் எவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் போட்ட பாதையிலேயே நடக்கிறார்.