கவலை மீனும் பழவேற்காடும்

1613-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையின் துணி வாணிபத்தைத் தம் கைக்குள் கொண்டுவர முயன்ற டச்சுக்காரர்கள், அதற்கு வெகுகாலம் முன்பே வட கடலின் ஹெரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஐரோப்பாவெங்கும் விற்றுப் பொருள் குவித்தவர்கள். ஆம்ஸ்டர்டாம் நகரமே ஹெரிங் முள்ளின்மேல் எழுந்தது என்று அவர்கள் தேசத்தில் ஒரு வழக்கும் உண்டு. அவர்களுடைய கல்லறைகளைக் காணப் பழவேற்காட்டுக்கு வருவோர், அந்த ஹெரிங்கின் உறவுமுறை மீனாகிய கவலை, கல்லறைக்குச் சிறிது தொலைவிலேயே கூறு கட்டி விற்கப்படுவதைக் கவனிப்பதில்லை.

கவலையின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சீப்பின் பற்களைப்போல் மெல்லிய முட்கள் நெருங்கி நிற்கும். கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய ஜீவராசிகளை அச்சல்லடையால் அரித்துண்டு அது கொழுக்க, அதை வஞ்சிரமும் சூரையும் சுறாவும் விழுங்க, மேலிருந்து ஆலாக்கள் பாய்ந்து கொத்த, எஞ்சியது மனிதனுடைய குழம்புக்கும் கருவாட்டுக்கும் வந்து சேருகிறது. வஞ்சிரத்துக்கு அந்த நுண்ணுயிரை நேரே உண்ணும் வாயில்லை. நடுவே இச்சிறுமீன் இல்லையேல் மேலே உள்ளவை யாவும் பட்டினியே.

நீரில் உள்ளதை அளவோடு எடுக்கும் வழக்கமும் இங்கேயே உண்டு. பழவேற்காட்டு ஏரிக்குள் இறாலுக்கு வலை கட்டுவதில் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் பல தலைமுறைகளாகக் கைக்கொண்ட பாடு முறையை நான் மிகவும் மதிக்கிறேன். தலைக்கட்டு உரிமையுடையோர் முறை வைத்துக்கொண்டு, தத்தம் நாளில் மட்டும் நல்ல துறையில் இறங்குவர். ஒருவனே அள்ளிக்கொள்ள வழியில்லை. பிற சமூகத்தாருக்கு அதில் இடமில்லாதது பெருங்குறையே. ஆயினும் நீரின் செல்வத்துக்கு எல்லையுண்டு என்னும் ஞானம் அதில் இருக்கிறது.

அந்த ஞானம் ஹெரிங்கால் வாழ்ந்த தேசங்களுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. அளவின்றிப் பிடித்துப் பிடித்து மீன் அருகிப்போனபின், 1977-இல் வட கடலில் ஹெரிங் பிடிப்பதையே நிறுத்த நேர்ந்தது.

இன்று நம் கரைகளிலும் சிறுகண்ணி வலையில் சிக்கும் குஞ்சு மீன்கள் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகின்றன. பாடு கண்ட ஊரார் கவலைக்கும் ஒரு கட்டுப்பாடு காண வேண்டும். சர்க்கார் அதற்குத் துணை நிற்க வேண்டும். விரலளவுக் குஞ்சைச் சந்தையில் கண்டால் வாங்காதிருங்கள்.