சாற்றின் மேல் படரும் ஏடு

இரண்டாம் உலகப் போர் பிலிப்பைன்ஸைச் சின்னாபின்னமாக்கிவிட்டு ஓய்ந்திருந்த காலம். கொப்பரைக்காகத் தேங்காய் உடைக்கும் இடங்களில் முற்றிய தேங்காயின் தண்ணீர் மண்ணோடு மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. அந்நாட்டு அரசின் தென்னை நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த தியோடுலா கலாவ் ஆப்பிரிக்கா என்ற பெண்மணி அதைக் கையில் எடுத்தார். 1949-ல் அந்தத் தண்ணீரில் ஒரு பாக்டீரியாவை வளர்த்து, மேலே படர்ந்த வெள்ளை ஏட்டைத் தின்பண்டமாக்கினார். இன்று உலகமெங்கும் கடைகளில் சர்க்கரைப் பாகில் மிதக்கும் துண்டுகளாக விற்கும் ‘நாட்டா டி கோகோ’ அதுதான்.

அந்த ஏடு பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் புதிதல்ல. அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அன்னாசிச் சாற்றில் அதை வளர்த்துத் தின்றவர்கள் அவர்கள். அன்னாசிக்குப் பருவம் உண்டு. தென்னை பன்னிரண்டு மாதமும் காய்க்கும். வீட்டுப் பலகாரமாக இருந்ததைத் தொழிலாக்கியது இந்த ஒரு மாற்றம்தான்.

ஏடு என்ன பொருள் என்பதை உலகுக்குச் சொன்னவர் ஏட்ரியன் ஜான் பிரவுன். இங்கிலாந்தில் பீர் தயாரிப்புக்குப் பெயர்போன பர்ட்டன் நகரில் வேலை பார்த்த வேதியியலாளர். வினிகர் ஜாடியின் மேல் படரும் வழவழப்பான தோலை எடுத்துச் சோதித்து, அது பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான் என்று 1886-ல் எழுதினார். செல்லுலோஸ் என்றாலே மரமும் செடியும்தான் என்று இருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அதை நூற்கிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. அந்தப் பாக்டீரியாவின் பேரினத்துக்கு இப்போது கொமகட்டாய்பாக்டர் என்று பெயர். ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் கசுவோ கொமகட்டாவைக் கௌரவித்து வைத்தது.

இந்தப் பாக்டீரியா வாழக் காற்று வேண்டும். அதனால் திரவத்தின் மேற்பரப்பிலேயே தங்கி, சர்க்கரையைத் தின்று, இழையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மரநாரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மெல்லிய இழை. கோடிக்கணக்கான இழைகள் பின்னிப் பின்னி ஏடாகின்றன. ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மரத்திலும் கரும்புச் சக்கையிலும் செல்லுலோஸோடு லிக்னின் என்ற வேறொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கையிலிருந்து காகிதம் செய்யும் கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலை அதை நீக்க ரசாயனம் சேர்த்து வேகவைத்தாக வேண்டும். பாக்டீரியாவின் ஏட்டில் லிக்னின் கிடையாது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தேங்காய்த் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைத்து, லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரையும், கொஞ்சம் அம்மோனிய உப்பும், புளிப்புக்கு அசிட்டிக் அமிலமும் சேர்ப்பார்கள். ஆறியதும், முந்தைய ஈட்டில் எடுத்துவைத்த தாய்த் திரவத்தை ஊற்றி, அகன்ற தட்டுகளில் பரப்பி, துணியோ காகிதமோ கொண்டு மூடிவிடுவார்கள். இரண்டு, மூன்று வாரம் தட்டை அசைக்கக் கூடாது. அசைத்தால் ஏடு ஒரே பாளமாகத் திரளாது. விரற்கடை கனம் வந்ததும் எடுத்துத் துண்டு போட்டு, புளிப்புப் போகும்வரை திரும்பத் திரும்ப அலசி வேகவைப்பார்கள்.

1993 வாக்கில் ஜப்பானியர்களுக்கு இந்தப் பண்டத்தின் மேல் பெரும் மோகம் பிறந்தது; பிலிப்பைன்ஸின் ஏற்றுமதி எகிறியது. அதற்கு முன்பே ஜப்பானின் சோனி நிறுவனம், காய்ந்தால் மெல்லியதாகவும் விறைப்பாகவும் நிற்கும் இந்த ஏட்டைத் தன் விலையுயர்ந்த ஹெட்ஃபோனில் அதிரும் சவ்வாக வைத்துவிட்டது. 1989-ல் வந்த எம்.டி.ஆர்-ஆர்10 அது. பிரேசிலில் அதே ஏடு தீக்காயத்தின் மேல் போர்த்தும் தற்காலிகத் தோலானது.

இந்தியாவில் இந்த நுட்பத்தைப் பரப்பியது 1981-ல் தொடங்கப்பட்டு, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தென்னை வளர்ச்சி வாரியம். ஆலுவாவுக்கு அருகில் வாழக்குளத்தில் உள்ள அதன் நிலையம் நாட்டா செய்யப் பயிற்சி தருகிறது. அதே கேரளத்தில், ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த வடிவமைப்பாளர் சுசானா கொம்போசோவாவும் சுஸ்மித்தும் தொடங்கிய ‘மலாய்’ நிறுவனம், வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் ஏடு வளர்த்து, வாழைநார் போன்றவற்றைக் கலந்து, தோலுக்கு மாற்றாகப் பை தைக்கும் பொருளாக்குகிறது.

இந்த வரலாற்றில் கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. மங்கலம்பேட்டை, விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரம் முழுக்க முந்திரிக்காடு. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம் இந்தச் செம்மண்ணில் வேரூன்றி, ஊரின் பிழைப்பாகிவிட்டது. பங்குனி, சித்திரையில் பழம் உதிரும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவது வழக்கம். பழத்தில் துவர்ப்பு, தொண்டை கரகரக்கும். பறித்தால் ஒரு நாள் தாங்காது. கோவாவில் அதையே ஃபெனி என்னும் மதுவாக வடிக்கிறார்கள். 2009-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். இங்கே பெரும்பகுதி அழுகித்தான் போகிறது.

முந்திரியின் தாயகமான பிரேசிலில், சியாரா மாநிலத்து ஆய்வாளர்கள் அந்தப் பழச்சாற்றிலேயே பாக்டீரியா ஏட்டை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை சாற்றிலேயே இருக்கிறது. துவர்ப்பை நீக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கஞ்சித்தண்ணீரோ ஜவ்வரிசியோ சேர்த்துத் தெளியவைத்து வடிகட்டும் முறை இந்திய முந்திரி ஆய்வாளர்கள் அறிந்ததுதான்.

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கொட்டை ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒட்டுக்கன்று நட்டு மீண்டும் தொடங்கியவர்களுக்கு ஒரே மரத்தில் இரண்டு வருமானம் கிடைத்தால் அது பெரிய ஊன்றுகோல்.

பருவம் குறுகியது என்பது உண்மையான தடை. அதைத் தாண்ட வழி இருக்கிறது: ஆண்டின் மற்ற மாதங்களுக்குக் கடற்கரைப் பக்கத்துத் தேங்காய்த் தண்ணீர் இருக்கிறது, அதில் சேர்க்கும் சர்க்கரைக்குப் பழைய சர்க்கரை ஆலை ஊரான நெல்லிக்குப்பம் இதே மாவட்டத்தில்தான். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கென்றே வி.ஆர்.ஐ. ரகங்களை உருவாக்கித் தந்த இடம். பழத்துக்கும் அங்கேயே வழி பிறக்க வேண்டும். மகளிர் குழுக்களுக்குச் சுத்தமான தாய்த் திரவமும் பயிற்சியும் தந்து, பழம் உதிரும் அன்றே சாறு பிழியும் ஒரு சிறு கூடத்தை அடுத்த பங்குனிக்குள் அந்த நிலையமும் வேளாண் துறையும் தொடங்க வேண்டும்.