வரியும் புலமும் ஒரே கம்பியில்: ஒத்திசைவுத் துடிப்புகளை எக்ஸ்-ஆர் வாயில் இணைத்த வரலாறு

தொலைக்காட்சிப் படம் வரிவரியாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்கும் என்பதை வரித்துடிப்பும், திரையின் உச்சிக்கு எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் புலத்துடிப்பும் அறிவிக்கின்றன. புலத்துடிப்பு சில வரிகளின் நேரம் நீடிப்பது. அந்நேரத்தில் வரித்துடிப்பு மறைந்துபோனால் திரையின் வரி அலையியற்றி தாளம் தப்பும். இதற்கு 1936-இல் கிடைத்த விடையின் பெரும்பகுதி, பிற்காலத்தில் ஒற்றை எக்ஸ்-ஆர் வாயிலில் மீண்டும் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அங்கு போட்டியிட்ட இரு முறைகளில் மார்க்கோனி-இஎம்ஐயின் 405 வரி முறை நிலைத்தது. அதில் புலத்துடிப்பை ஒரே நீளமாக விடாமல், அரை வரிக்கு ஒருமுறை குறுகிய இடைவெளியால் வெட்டினார்கள். அந்த வெட்டுகள் வரி அலையியற்றியை இடையறாமல் நடத்தின. 1941-இல் வகுக்கப்பட்ட அமெரிக்க 525 வரி முறையில், பின்னல் வரிகள் (ஒரு புலத்தின் வரிகளுக்கு இடையே அடுத்த புலத்தின் வரிகள்) சரியான இடத்தில் விழுவதற்காகப் புலத்துடிப்பின் இருபுறமும் சமன்செய் துடிப்புகள் இடம்பெற்றன.

வரித்துடிப்பும் புலத்துடிப்பும் ஒன்றாகச் சென்ற இந்தச் சேர்க்கையைக் கணிப்பொறி பிரித்துவிட்டது. மோட்டோரோலாவின் 6845 திரைக் கட்டுப்பாட்டுச் சில்லு, இரு துடிப்புகளையும் தனித்தனிக் கால்களில் தந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் திரை அட்டைகளும் அவ்வாறே அனுப்பின. கைக்கெட்டும் தூரத்திலுள்ள திரைக்குக் கூடுதலாக ஒரு கம்பி பெரிய செலவன்று. 1987-இல் விஜிஏ வந்தபோது துடிப்பின் முனைமையே செய்தியாயிற்று: 640×480 என்றால் இரண்டும் எதிர்முனை, 720×400 என்றால் புலத்துடிப்பு மட்டும் நேர்முனை.

ஆனால் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளின் ஸ்கார்ட் இணைப்பியிலும், ஜப்பானிய விளையாட்டு எந்திரங்களுக்கான ஜாம்மா இணைப்பிலும் ஒத்திசைவுக்கு ஒரே கம்பிதான். பிரித்ததை மீண்டும் சேர்க்கும் தேவை இங்கே எழுந்தது. எளிய வழி ஆண்ட் வாயில். எதிர்முனைத் துடிப்புகள் இரண்டையும் அதில் செலுத்தினால், புலத்துடிப்பு நீடிக்கும்வரை வெளியீடு தாழ்ந்தே கிடக்கும். வரித்துடிப்புகள் அதில் மூழ்கிவிடும். சில திரைகளில் படத்தின் மேற்பகுதி வளைந்து தெரிவதற்கு இது காரணமாகிறது.

எக்ஸ்-ஆர் வாயிலின் நடத்தை வேறு. துடிப்புகள் நேர்முனையில் இருந்தால், புலத்துடிப்பு இல்லாதபோது வரித்துடிப்பை உள்ளபடி கடத்தும். புலத்துடிப்பு வந்ததும் வரித்துடிப்பைத் தலைகீழாக்கிக் கடத்தும். நீண்ட துடிப்பின் நடுவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெட்டு தானாக விழுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 7400 வரிசையைச் சேர்ந்த 7486 சில்லில், 14 கால்களுக்குள் இத்தகைய வாயில்கள் நான்கு உண்டு. அந்த நான்கையும் பயன்படுத்திய சுற்று என் கணிப்பில் மிக அழகானது. ஒரு துடிப்பை மின்தடை, மின்தேக்கி வழியே சராசரியாக்கி, அந்தச் சராசரியையும் துடிப்பையும் ஒரு வாயிலில் சேர்த்தால், உள்ளே எந்த முனைமை வந்தாலும் வெளியே நேர்முனையே வரும். வரிக்கு ஒரு வாயில், புலத்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க மூன்றாவது, முடிவைத் தலைகீழாக்க நான்காவது. ஸ்கார்ட்டுக்கு அனுப்புமுன் 5 வோல்ட் அளவை மின்தடைகளால் சுமார் 0.3 வோல்ட்டுக்குக் குறைக்க வேண்டும். விஜிஏயின் 31.5 கிலோஹெர்ட்ஸ் வரி வேகத்தை இச்சுற்று மாற்றாது. தொலைக்காட்சிக்கு ஏற்றபடி அதை ஏறத்தாழப் பாதியாக்குவது திரை அட்டையின் வேலை.

இந்த வெளியீட்டை ஒளிபரப்புத் தரத்துக்கு இணையாகக் கருதுவது பிழை. ஒளிபரப்பில் வெட்டு முடிந்து மின்னழுத்தம் இறங்கும் கணம் வரியின் தொடக்கத்தோடு பொருந்தும். எக்ஸ்-ஆர் வெளியீட்டிலோ வரித்துடிப்பு முடியும்போதுதான் அது இறங்குகிறது. 625 வரி முறையின் கணக்கில் இந்தப் பிசகு 4.7 மைக்ரோவினாடி, 64 மைக்ரோவினாடி வரியில் பதினான்கில் ஒரு பங்கு. புலத்துடிப்பு சில வரிகளிலேயே முடிந்து, அடுத்து வெற்று வரிகள் வருவதால், படம் தொடங்குமுன் பெரும்பாலான திரைகள் நிலைக்கு வந்துவிடுகின்றன.

அரை வரி வெட்டுகளும் சமன்செய் துடிப்புகளும் இதில் இல்லை. வீட்டுக் கணிப்பொறிகளும் விளையாட்டு எந்திரங்களும் பெரும்பாலும் பின்னல் இல்லாத படத்தையே வரைந்ததால் அந்தக் குறை வெளிப்படவில்லை. பின்னல் படம் துல்லியமாக வேண்டியிருந்தால், அரை வரிகளை எண்ணித் துடிப்புகளை அமைக்கும் தனி ஒத்திசைவு உற்பத்திச் சுற்றையே நாட வேண்டும்.