பின் ஆசனத்திலும் பட்டி இருக்கிறது

கடந்த பெருநாள் விடுமுறையில் அக்கரைப்பற்றிலிருந்து குருநாகலுக்கு வேனில் போனோம். முன்னால் பொலிஸாரைக் கண்டதும் சாரதி பெல்ட்டை இழுத்து மாட்டினார். சந்தி தாண்டியதும் கழற்றிவிட்டார். பின்னால் நாங்கள் பதினொரு பேர். என் ஆசனத்துப் பட்டியைத் தேடினேன், புதிதாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் அகப்பட்டுக் கிடந்தது. "அத எடுக்கணுமெண்டா கவரக் கிழிக்கணும் சேர்" என்றார் சாரதி.

சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் ஆசனப்பட்டி அணிவது இந்நாட்டில் 2011இல் கட்டாயமானது. 2025இல், அதிவேக நெடுஞ்சாலையில் செல்லும் சகல பயணிகளும் அணிய வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. நல்ல விடயம். ஆனால் கிழக்கில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லையே! இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு விடியுமுன் கொழும்பில் இறக்கிவிடும் நம் வேன்கள் பெரும்பாலும் ஓடுவது சாதாரண வீதிகளில்தான்.

ஆசிரியர் கலாசாலையில் கற்ற ஒரு செய்முறையை வகுப்பில் இன்றும் செய்கிறேன். விளையாட்டுக் காரின் மேல் அழிறப்பரை வைத்து, புத்தகத்தில் மோதவிடுவேன். கார் நிற்கும், அழிறப்பர் பறக்கும். சடத்துவம் அவ்வளவுதான். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் நின்றால், மடியிலிருக்கும் 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ பாரத்தின் விசையோடு முன்னே பாயும். எந்த உம்மாவின் கையாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது. பின்னால் பட்டியின்றி இருப்பவர் முன் ஆசனத்தோடு சாரதியையும் சேர்த்து நசுக்குவார். பட்டி அணிந்தால் மரண ஆபத்து 50 சதவீதம் வரை குறையும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

தண்டப்பணத்தைக் கூட்டுவதால் மட்டும் இது சரிவராது என்பது என் அபிப்பிராயம். வருடாந்தம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அதே இடத்தில் எத்தனை ஆசனம், எத்தனை பட்டி, ஒவ்வொன்றும் பூட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பட்டியை மறைத்த வாகனத்துக்குரிய தண்டம் உரிமையாளரைச் சேர வேண்டும். பயணியா கவர் தைத்தான்?

திரும்பி வரும் நாள் மச்சான் கடையில் ஒரு பிளேட் வாங்கிவந்து, சாரதியின் சம்மதத்தோடு தையலைப் பிரித்தார். மூன்று பட்டிகள் வெளியே வந்தன. ஒன்றுக்குப் பூட்டு இல்லை.