ஸ்னெல்லிங் கோட்டை: சட்டமும் சுவரும்

கோட்டைகளின் வரலாற்றைக் கட்டியவர், வென்றவர் பெயர்களோடு படித்தே பழகியிருக்கிறோம். உள்ளே சமைத்தவர் யார், வெளியே அடைபட்டவர் யார் என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அமெரிக்காவின் ஸ்னெல்லிங் கோட்டை அதற்குச் சான்று.

மிசிசிப்பியும் மினசோட்டா ஆறும் கூடும் இடம் டகோட்டா பழங்குடியினரின் புனித நிலம். 1819இல் அங்கு வந்த அமெரிக்கப் படை இந்த எல்லைக் கோட்டையைக் கட்டியது. 1820ஆம் ஆண்டின் மிசௌரி உடன்பாட்டுச் சட்டப்படி அப்பகுதியில் அடிமைமுறைக்குத் தடை. ஆனாலும் அதிகாரிகள் அடிமைகளை வைத்திருந்தார்கள். வேலையாளுக்கென்று அரசு கொடுத்த படி அதற்கே பயன்பட்டது.

1836இல் இராணுவ மருத்துவர் ஒருவரின் அடிமையாக அங்கே கொண்டுவரப்பட்டார் டிரெட் ஸ்காட். அங்கிருந்த இன்னோர் அடிமையான ஹாரியட் ராபின்சனை மணந்தார். அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண்ணில் வாழ்ந்த தங்களுக்கு விடுதலை உண்டென்று 1846இல் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1862இல், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா மக்களில் ஒரு பகுதியினர் போரில் இறங்கித் தோற்றார்கள். 38 ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர் என ஏறத்தாழ 1,600 பேர் கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தடையை எழுதியதும் அரசு, அதை மீறியவர்களுக்குப் படியளந்ததும் அதே அரசு. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் காத்திருக்கும் நமக்கு இது புரியும். ஹாரியட்டும் டிரெட்டும் சட்டத்தின் சொல்லைப் பிடித்து அரசையே கேள்வி கேட்டார்கள். நாமும் கேட்போம்.