பொலியில் முந்திய பங்கு: செங்கல்பட்டில் இறையிலியும் மேரையும்

செங்கல்பட்டு ஜாகீரின் வரி வரலாற்றை எழுத வருவோர் வரலாற்றாய்வாளர் தரம்பாலைத் தொடாமல் போக முடியாது. தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை நடத்திய சர்வேயின் கணக்குகளைப் பரவலாகப் பேசவைத்தவர் அவரே. களத்தில் அரசுப் பங்கான மேல்வாரமும் பயிரிடுவோர் பங்கான குடிவாரமும் பிரியுமுன்பே, குவித்த பொலியிலிருந்து கோயில், ஏரி, கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் எனப் பலருக்கும் மேரையாக நெல் அளக்கப்பட்டது. மானிய நிலங்களையும் சேர்த்தால் விளைச்சலில் கால்பங்கோ அதற்கு மேலோ ஊருக்குள்ளேயே நின்றது என்பது அவர் தரும் சித்திரம். இதை ஊர் தானே வகுத்துத் தானே காத்த சமநிலையாகவும், அரசுகள் மாறியும் அசையாத ஒன்றாகவும், கிழக்கிந்தியக் கம்பெனியின் வரியே குலைத்ததாகவும் அவர் வாசிக்கிறார்.

கம்பெனி குலைத்தது என்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. அதற்குமுன் அசையாதிருந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கை எழுதிய ஊர்க்கணக்கரும் பங்கு பெறுவோர் வரிசையில் நிற்பவர். ஜாகீர் 1763இல் கம்பெனிக்குக் கிடைத்தபோதும், 1780 வரை ஆர்க்காட்டு நவாபே அதைக் குத்தகைக்கு வைத்திருந்தார். இரண்டு எசமானர்களுக்கு நடுவே நிற்கும் ஊர், அளக்க வருபவனிடம் நடப்பை மட்டுமா சொல்லும்? கேட்க நினைக்கும் உரிமையையும் சேர்த்தே சொல்லும்.

ஆட்சி மாறும்போது ஓர் உரிமை எப்படி நீடித்தது என்பதற்கு, இதே பகுதியின் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்றைப் பார்க்க வேண்டும். எபிகிராபியா இண்டிகா மூன்றாம் தொகுதியில் வெங்கையா பதிப்பித்தது. இராசகேசரிவர்மனின் 27ஆம் ஆட்சியாண்டு. மூலட்டானத்துப் பெருமானுக்கு ஸ்கந்தசிஷ்யன் இறையிலியாக, அதாவது வரி விலக்கோடு, நிலம் விட்டான். வாதாபி கொண்ட பல்லவர் நரசிங்கப்போத்தரையர் அதை அவ்வாறே காத்தார். ஆந்துரைக் குணவான் மகன் புத்தன் விண்ணப்பிக்க, இராசகேசரியும் முன்னையோர் காத்தபடியே காத்தான். இவன் சோழன் முதலாம் ஆதித்தன் என்றால் ஆண்டு ஏறத்தாழ 898. தொண்டைமண்டலம் பல்லவரிடமிருந்து சோழர் கைக்கு வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. ஸ்கந்தசிஷ்யன் எந்த ஸ்கந்தவர்மன் என்பது தீராத வழக்கு. அதைத் தீர்க்க எனக்குத் துணிவில்லை.

என் கவனமெல்லாம் புத்தனின் விண்ணப்பத்தில். இறையிலி தன் காலில் தானே நிற்கக்கூடியதென்றால் அவன் ஏன் கேட்க வேண்டும்? ஏறத்தாழ 250 ஆண்டுக்கு முற்பட்ட, அதுவும் தோற்ற வமிசத்தின் அரசன் பெயர் ஏன் சான்றாக வர வேண்டும்? விலக்கு நீடித்தது உண்மை. ஆட்சி மாறியபோது ஒருவர் போய்க் கேட்டதால் நீடித்தது.

கோயில் நிலத்தின் இறையிலி வேறு, களத்து மேரை வேறு. இடையில் கிடப்பதோ ஏறத்தாழ 870 ஆண்டு. என் வாதம் மிக மெலிந்த இடம் இதுவே. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை; பர்னார்டுக்குப் பின்னும் ஊர் உரிமைகளைக் கேட்டே பெற வேண்டியிருந்தது. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் (மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருபவர்தான்) ஊரின் நில உரிமையாளர்களான மிராசுதாரரோடு மல்லுக்கட்டியதும் இந்த உரிமைகளைப் பற்றியே. மிராசு பற்றி அரசு கேட்ட கேள்விகளுக்கு 1818இல் அச்சான கம்பெனி அதிகாரி எல்லிஸின் பதிலும் பழைய சாசனங்களையே சாட்சிக்கு அழைக்கிறது. உரிமை கேட்டவர்கள் மிராசுதாரர்களான காணியாட்சிக்காரர்கள். உள்குடி, புறக்குடிக் குத்தகை உழவர்களான பாயக்காரிகளுக்கும் பண்ணையாட்களுக்கும் இந்தச் சமநிலை எப்படித் தெரிந்திருக்கும் என்று தரம்பால் அழுத்திக் கேட்கவில்லை.

மேரையின் விகிதங்கள் எப்போது நிலைத்தன? விசயநகரக் காலமாக இருக்கலாம். நவாபின் குத்தகைக் காலமாகவும் இருக்கலாம். பர்னார்ட் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1767க்கு முன்னே நகர முடியாது.