பாரணையை நோக்கிய நோன்பு: ஏகாதசி விரதத்தில் துவாதசியின் இடம்

இந்து சமய நோன்புகளுள் மிகப் பரவலாகக் கைக்கொள்ளப்படுவனவற்றில் ஏகாதசி விரதம் ஒன்று. வளர்பிறையிலும் தேய்பிறையிலும் பதினோராம் திதியில் வருவதால், இது ஆண்டுக்கு 24 முறையும் அதிக மாதம் கூடும் ஆண்டில் 26 முறையும் அமைகிறது. இவ்விரதத்தைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை உண்ணாமையையே அதன் உயிர்நிலையாகக் கொண்டு, மறுநாள் நோன்பை முடித்து உண்பதாகிய பாரணையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் தரும சாத்திர நூல்கள் வகுத்த கால விதிகளையும், புராணக் கதைகளின் போக்கையும், வீடுகளில் இன்றும் நிலவும் வழக்கத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், துவாதசிக் காலையில் உரிய பொழுதில் உண்ணப்படும் அந்த ஒரு வேளை உணவை நோக்கியே விரதம் முழுவதும் கட்டப்பட்டிருப்பது புலப்படும்.

திதி என்பது சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம். சந்திரனின் ஓட்டம் சீரானதன்று. ஆகவே ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 27 மணி நேரம் வரை நீள்வதும் உண்டு. நாளோ சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை ஓடுவது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமையால், திதி நள்ளிரவிலும் தொடங்கலாம், நண்பகலிலும் முடியலாம். நோன்பு நோற்பவர் உடலால் வாழ்வது சூரியனின் நாளில். நோன்புக்கு உரியதோ சந்திரனின் திதி. ஏகாதசி பற்றிய சாத்திர விவாதங்கள் அனைத்தும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

விரதம் ஒரு நாளுக்குரியதாகச் சொல்லப்பட்டாலும் நடைமுறையில் மூன்று நாள்களைத் தழுவியது. தசமியன்று ஒரு வேளை மட்டும் உண்டு இரவு உணவைத் தவிர்த்து, ஏகாதசியன்று இரு வேளையும் உண்ணாமல் இரவு கண்விழித்து, துவாதசியன்று காலையில் பாரணை செய்து, அன்றிரவும் உணவைத் தவிர்ப்பது முழுமையான முறை. விடப்படும் உணவு நான்கு வேளை. கொள்ளப்படும் உணவு, துவாதசியில், ஒன்றே ஒன்று. பகலுறக்கத்தை விலக்கும் விதி அந்நாளுக்கும் உண்டு என்பதால், துவாதசியும் நோன்பின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. பாரணை நோன்புக்குப் புறம்பான செயலன்று, அதன் அங்கம்.

உண்ணாமைக்கு விதிக்கப்பட்டதைவிட நுட்பமான கால வரையறை உண்பதற்கு விதிக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. துவாதசித் திதியின் முதற் கால் பங்கு ஹரிவாசரம் எனப்படும். அது கழியுமுன் உண்ணலாகாது. துவாதசி முடிந்து திரயோதசி தொடங்கிய பின் உண்பதும் குற்றம். இவ்விரு எல்லைகளுக்கு இடையில், நண்பகலைத் தவிர்த்துக் காலைப் பொழுதிலேயே பாரணை நிகழ வேண்டும். சூரிய உதயத்துக்குப் பின் துவாதசி சிறிது நேரமே எஞ்சும் நாள்களில், நண்பகலில் செய்யவேண்டிய கடன்களைக்கூட விடியலுக்கு முன்னரே முடித்துவிட்டு, அந்தச் சிறு பொழுதுக்குள் உண்ணுமாறு நூல்கள் பணிக்கின்றன. உண்ணாமையே நோக்கமாக இருந்திருந்தால், சற்றுத் தாமதித்து உண்பது நோன்பை மேலும் சிறப்பித்ததாகவே எண்ணப்பட்டிருக்கும். இங்கோ தாமதம் விரதத்தையே கெடுக்கிறது.

தமிழ்நாட்டு வைணவ, மாத்வ வீடுகளில் இவ்விதிகள் அடுக்களையின் ஒழுங்காகவே மாறியிருக்கின்றன. துவாதசியன்று இருள் பிரியுமுன் நீராடி அடுப்பு மூட்டுகிறார்கள்; பஞ்சாங்கத்தில் துவாதசி முடியும் நாழிகையை முதல்நாளே பார்த்து வைத்திருக்கிறார்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றும் அன்றைய இலையில் இடம்பெற வேண்டியவை, புளி சேர்ப்பதில்லை. பெருமாளுக்கு அமுது செய்வித்து, துளசித் தீர்த்தம் கொண்ட பிறகே முதற்கவளம் எடுக்கப்படுகிறது. மற்ற நாளில் எட்டு மணிக்கு மேல் அடுப்பேறும் வீட்டில் அன்று அதற்குள் சாப்பாடு முடிந்துவிடுவது, திதி என்னும் வானியல் அளவு ஒரு குடும்பத்தின் பசியை நேரடியாக ஆளும் அரிய தருணமாகும்.

புராணங்களில் இக்கருத்துக்கு வலுவான சான்று பாகவதத்தின் ஒன்பதாம் கந்தத்தில் உள்ள அம்பரீஷன் வரலாறு. அந்த அரசன் மேற்கொண்டதை அந்நூல் துவாதசி விரதம் என்றே பெயரிட்டு அழைக்கிறது. ஓராண்டு நோற்ற விரதத்தை முடிக்கும் வேளையில் துருவாசர் விருந்தினராக வருகிறார். யமுனையில் நீராடச் சென்றவர் திரும்பவில்லை. துவாதசி முடிய அரை முகூர்த்தமே, அதாவது ஒரு நாழிகையே எஞ்சியிருக்கிறது. விருந்தினருக்கு முன் உண்பது தவறு. துவாதசி கழியவிடுவதும் தவறு. அந்தணர்களிடம் ஆராய்ந்த அரசன், உண்டதும் உண்ணாததுமாகக் கொள்ளப்படும் தண்ணீரை மட்டும் பருகிப் பாரணை செய்கிறான். அதனால் வெகுண்ட முனிவரைச் சுதர்சனச் சக்கரம் துரத்த, அவர் திரும்பி வரும்வரை ஓராண்டுக் காலம் அரசன் உணவு கொள்ளாமல் காத்திருக்கிறான். இக்கதையின் முடிச்சு முழுவதும் பாரணைப் பொழுதைப் பற்றியது. ஓராண்டு பசித்திருக்கக் கூடியவனுக்குப் பசி ஒரு பொருட்டன்று; ஒரு நாழிகை தவறிவிடுமோ என்பதே அவன் கவலை.

இதற்கு எதிராக ருக்மாங்கதன் கதையைக் காட்டலாம். நாரத புராணம் விரித்துரைக்கும் அக்கதையில், ஏகாதசியில் உண்ண வேண்டும், இல்லையேல் மகன் தர்மாங்கதனின் தலையை வெட்டித் தர வேண்டும் என்று மோகினி நிபந்தனை விதிக்க, அரசன் வாளை எடுக்கத் துணிகிறான். இங்கே உண்ணாமையே உச்சத்தில் நிற்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் இவ்விரு கதைகளும் ஒரே நெறியின் இரு முனைகள்: ஒன்று குறித்த திதியில் உண்ணக்கூடாது என்கிறது, மற்றொன்று குறித்த திதியில் உண்டாக வேண்டும் என்கிறது. முதலாவது மேடைகளிலும் கதாகாலட்சேபங்களிலும் பெரிதும் பேசப்பட்டமையால் இரண்டாவது நிழலில் தங்கிவிட்டது என்றே தோன்றுகிறது.

திருக்குறுங்குடியோடு பிணைந்த கைசிக மாகாத்மியம், வராக புராணத்தைச் சார்ந்ததாகக் கொள்ளப்பட்டுப் பராசர பட்டரின் உரையோடு வழங்குவது, இவ்விரு முனைகளையும் இணைக்கிறது. பாணர் குலத்து நம்பாடுவான் ஏகாதசி இரவில் பெருமாளைப் பாடச் செல்லும் வழியில் பசித்திருந்த பிரம்மராட்சசனிடம் அகப்பட்டு, பாடி முடித்துத் திரும்பி வருவதாகச் சபதம் செய்து, அவ்வாறே வருகிறான். அவன் பாடிய கைசிகப் பண்ணின் பலனைப் பெற்று அரக்கன் சாபம் நீங்குகிறான். நோன்பிருப்பவனின் விருப்பப் பசியும் அரக்கனின் தண்டனைப் பசியும் எதிரெதிரே நிற்கும் அவ்விரவு, விடியும் துவாதசியில்தான் தீர்வு காண்கிறது. இந்நிகழ்வை நினைவுகூரும் விழா கார்த்திகை வளர்பிறையில் கைசிக துவாதசி என்ற பெயராலும் வழங்குவது பொருத்தமே.

விரத நாளை நிர்ணயிக்கும் சர்ச்சையும் இந்தப் பின்னணியில் தெளிவடைகிறது. ஹேமாத்ரியின் 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு முதல் மாதவரின் காலநிர்ணயம் வரை இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஒரு திதியை முந்தைய திதி தீண்டுவது வேதை எனப்படும். உதயத்தில் ஏகாதசி இருந்தால் போதும் என்பது ஸ்மார்த்தர் வழக்கு. உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்னதாகத் தொடங்கும் அருணோதயத்தில் தசமி சிறிது ஒட்டியிருந்தாலும் அந்நாளை விட்டு மறுநாள் நோற்பது வைணவர் வழக்கு. நிம்பார்க்க மரபினர் எல்லையை நள்ளிரவுக்கே கொண்டுசெல்கின்றனர். நாள்காட்டிகளில் இரண்டு ஏகாதசிகள் அச்சாகக் காரணம் இதுவே. வைணவ மரபுகளிடையே எல்லைக்கோடு எங்கே வேறுபட்டாலும், ஐயம் எழும்போது நோன்பு துவாதசியை நோக்கியே நகர்கிறது. தசமியை நோக்கி ஒருபோதும் நகர்வதில்லை. திருவரங்கத்திலிருந்து விருந்தாவனம் சென்றவராகக் கருதப்படும் கோபால பட்டரின் பெயரோடு இணைந்த ஹரிபக்தி விலாசம், எட்டு மகா துவாதசிகளைக் கூறுகிறது. அவற்றுள் வியஞ்ஜுலி என்பது, குற்றமற்ற ஏகாதசி முதல்நாளே கிடைத்திருந்தும், துவாதசி மறு உதயத்தையும் கடந்து நீள்வதால் நோன்பைத் துவாதசிக்கே மாற்றி, எஞ்சிய துவாதசியில் பாரணை செய்விப்பது. துவாதசியில் உண்பதற்காக ஏகாதசியையே விட்டுக்கொடுக்கும் இவ்விதியைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இத்தகைய நுண்மையை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஓய்வு தரவே முன்னோர் இதை ஏற்படுத்தினர் என்னும் தற்கால விளக்கம் தாங்காது. உடல்நலமே நோக்கமெனில் எந்த நாளும் பொருந்தும். 96 நிமிடத்துக்காக மரபுகள் பிரிந்து நின்றிருக்கமாட்டா. விலக்கப்படும் உணவுகளின் பட்டியலும் உடலியல் நோக்கில் அமைந்ததன்று. பாவம் ஏகாதசியில் தானியங்களில் ஒளிகிறது என்ற புராண நம்பிக்கையே அரிசியை விலக்குகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்த உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் மரவள்ளியும் பழைய பட்டியல்களில் இல்லாமையாலேயே விரத உணவாயின. சேலத்துச் சவ்வரிசி ஏகாதசிக் கிச்சடிக்காக மகாராட்டிரத்துக்குச் செல்வது இதன் விளைவு. புரியிலோ ஜகந்நாதரின் மகாபிரசாதமாகிய சோறு ஏகாதசியிலும் உண்ணப்படுகிறது.

திதியைக் கோயில் விழாக்களின் ஒழுங்கோடு பொருத்தும் பணி திருவரங்கத்தில் தனித்துக் காணப்படுகிறது. 2021ஆம் ஆண்டில் அங்கு வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14 அன்று, கார்த்திகையிலேயே கொண்டாடப்பட்டது. பிற திருத்தலங்கள் பலவற்றில் அது 2022 ஜனவரி 13 அன்று நிகழ்ந்தது. மார்கழியின் கடைசியில் ஏகாதசி அமைந்தால் அதைத் தொடரும் இராப்பத்து உற்சவம் தைத் தேர்த் திருநாளோடு மோதும் என்பதால், ஏறத்தாழ 19 ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு முற்படுத்தப்படுகிறது. 19 சூரிய ஆண்டுகள் 235 சந்திர மாதங்களுக்கு ஏறக்குறைய இணையானவை என்பதால் இந்த இடைவெளி தற்செயலானதன்று.

இந்த மரபின் மிக வேதனையான பக்கத்தையும் இங்கேயே எடைபோட வேண்டும். வங்கத்தின் உயர்சாதிக் குடும்பங்களில் கைம்பெண்கள், சிறுமியராயினும், ஏகாதசியன்று ஒரு துளி நீரும் அருந்தாமல் இருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். எட்டு வயதுக்கு மேற்பட்டு எண்பதுக்கு உட்பட்டவருக்கே விரதம் என்று எல்லை வகுத்த அதே சாத்திர மரபு, நீர், கிழங்கு, கனி, பால், ஹவிசு, அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் குலைக்கா என்றும் கூறுகிறது. விரதம் என்பது சங்கல்பத்தால், அதாவது நோற்பவர் தாமே எடுக்கும் உறுதியால் தொடங்குவது. காய்ச்சலில் கிடந்த சிறுமிக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டபோது அங்கே சங்கல்பம் இல்லை, மருந்துக்கான விலக்கு இல்லை. பிறர் சுமத்திய தண்டனை மட்டுமே இருந்தது. உண்ணாமையை மட்டும் பிரித்தெடுத்துப் புண்ணியமாக்கிய பார்வை இக்கொடுமைக்கு இடம் கொடுத்தது; நீரால் பாரணை செய்த அரசனைப் போற்றும் நூலை வாசித்த சமூகத்திலேயே அது நிகழ்ந்தது.